பித்தளை யன்னல்

1986 மாரியில் பிளிமத்தில் எங்கள் கராஜுக்குள் இரண்டு தோணிகள் கிடந்தன. ஜேம்ஸ் வாரம் வரைந்த டிக்கி 21 என்ற பாய்ப்படகின் இரு பக்கங்கள் அவை. 21 அடி நீளம், 6 மில்லிமீட்டர் பிளைவுட். பலகை ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, எபொக்சி பூசி இறுக்கவேண்டும். சென்னைக் கரையில் மசூலாப் படகுகளைத் தென்னங்கயிற்றால் தைத்தவர்களுக்கு இந்த முறையை விளங்கப்படுத்தத் தேவையிராது. இரட்டைத் தோணிக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயரும் எங்கள் கட்டுமரத்திலிருந்து போனதுதான். வரைபடத்தில் அந்தச் சொல்லைக் கண்டபோது எனக்கு மனம் நிறைந்தது.

கபின் என்றால் தோணிக்கு ஒன்று: ஆள் படுக்கலாம், நிமிர்ந்து இருக்கலாம், அவ்வளவுதான். மேல்தளம் மூடமுன்பே உள்ளே வெள்ளை அடித்தேன். மூடியபிறகு தூரிகையோடு அந்த மூலைகளுக்குள் யாரும் புகமுடியாது. குளிரில் எபொக்சி இறுகாது என்பதால் இரவில் மின்போர்வை போர்த்துவிட்டேன்.

பாரம் கூடினால் இந்த வகைப் படகு ஓட்டத்தை இழந்துவிடும். அதனால் தட்டுகள் இரண்டே இரண்டு. அடுப்பு ஸ்பிரிட் அடுப்பு. கசிந்த பூட்டேன் வாயு காற்றைவிடக் கனம், படகின் அடியில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். மனைவி உள்ளே இருந்து கையை நீட்டிப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, எழும்பாமல் தேத்தண்ணி வைக்கிற மாதிரி இருக்கவேணும்.”

அவள் கை எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அடுப்பு அங்கேதான் நின்றது. ஒரு சின்ன றேடியோவும் இருந்தது. பிபிசியின் கடல் வானிலையில் டோவர், வைட், போர்ட்லண்ட் என்று வாசித்துக்கொண்டு வந்து பிளிமத் என்றதும் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

ஆசைக்கென்று நான் சேர்த்தது ஒன்றுதான். பழைய சாமான் கடையில் வாங்கிய வட்டமான பித்தளை யன்னல். அவளுடைய தோணியின் பக்கச் சுவரை வெட்டி, எட்டு போல்ட் போட்டு இறுக்கினேன்.

இந்த வருடம் மகளோடு படகைத் திரும்பத் திறந்தோம். அவளுடைய பட்டியலில் எல்ஈடி விளக்கு, சூரியத் தகடு, லிதியம் பற்றறி, கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி எல்லாம் இருந்தன. கடல் வரைபடம் முழுவதும் கைபேசிக்குள். அப்போது மரத்தில் கிராம் கிராமாகச் சீவிக் குறைத்தவன் நான். ஆனாலும் அந்த எச்சரிக்கைக் கருவியை அன்றைக்கே வைத்திருக்கவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

“அப்பா, இஞ்ச விரல் வைச்சுப் பாருங்கோ.”

யன்னலைச் சுற்றி விரல் உள்ளே போனது. உக்கல். வெறுமனே விட்டிருந்த சுவர் முழுவதும் தட்டினால் கணீரென்றது. அந்த எட்டுத் துளைகளைச் சுற்றி மட்டும் மரம் ஈரக் கேக் மாதிரி உதிர்ந்தது. பிளைவுட்டைத் துளைத்தால் அதன் குறுக்குவெட்டு வெளியே தெரியும். தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறும். துளையைப் பெரிதாகக் குடைந்து, எபொக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் மறுபடி துளைத்திருக்கவேண்டும். அப்போது போல்ட் மரத்தைத் தொடாது. அவசரத்தில் அதைச் செய்யாமல் விட்டேன்.

மகள் இனிச் சுவரில் துளையே வேண்டாம் என்கிறாள். மரக்கட்டைகளை உள்ளே ஒட்டி, விளக்கையும் பற்றறியையும் அவற்றில் பூட்டலாமாம். சரியான யோசனை. யன்னலையும் மூடிவிடலாமா என்று கேட்டேன்.

“வேண்டாம். அம்மா அதுக்குள்ளாலதானே பாத்துக்கொண்டிருப்பா.”

உக்கலை வெட்டியெடுத்துப் புதுப் பலகை ஒட்டினோம். எட்டுத் துளைகளையும் பெரிதாகக் குடைந்து நிரப்பினாள். வெளியே உறைபனி. உள்ளே போய் மின்போர்வையை எடுத்துவந்தேன்.