இன்னும் ஒரே ஒரு சாமான்

மாசாய், தம்போய், உலு திராம் என்று ஜொகூர் பாருவைச் சுற்றி எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும், ஏதாவது ஒரு வீட்டு போர்ச்சில் நீலத் தார்ப்பாய் போர்த்திய உருவம் ஒன்று நிற்கும். தவணை முடியாத மைவி வெளியே வெயிலில் காயும். தார்ப்பாய்க்குள் இருக்கும் பழைய செலிகா காருக்கு மட்டும் நிழல். அந்த வீட்டுக்காரரை ஊர் 'செலிகா அண்ணன்' என்றுதான் அழைக்கும். அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது.

"கார் எப்பண்ணே ஓடும்?"

"முடிஞ்ச மாதிரிதான் தம்பி. இன்னும் ஒரே ஒரு சாமான்."

அந்த ஒரே ஒரு சாமான் போன தீபாவளியின்போது பின்பக்கக் கண்ணாடியின் ரப்பராக இருந்தது. அதற்கு முந்தைய தீபாவளியின்போது முன்பக்க கிரில். இந்தத் தீபாவளிக்கு இடப்பக்க வால்விளக்கின் சிவப்புக் கண்ணாடி. எண்ணிக்கை மாறவில்லை என்பதால் அண்ணனை யாரும் பொய்யர் என்று சொல்ல முடியாது.

வாலிபத்தில் அவர் சுவரில் ஒட்டியிருந்தது ஃபோர்டு மஸ்டாங் படம். 1964 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளிவந்து உலகத்தையே கிறங்கடித்த வண்டி. அதே வாட்டத்தில், நீண்ட மூக்கும் குட்டைப் பின்புறமுமாக, டொயோட்டா 1970 இறுதியில் செலிகாவை இறக்கியது. அண்ணன் கட்சி மாறியதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. நம் நாட்டில் சாலை வரியை இன்ஜின் அளவு பார்த்துப் போடுகிறார்கள். ஐந்து லிட்டர் வி8 வைத்திருப்பவர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வெள்ளி கட்ட வேண்டும். 1,588 சிசி செலிகாவுக்கு 90 வெள்ளி. "கனவு காண வரியில்லை தம்பி, ஓட்டத்தான் வரி" என்பார். அவருடையது ஓடுவதில்லை என்பதால் அந்த 90 வெள்ளியும் மிச்சம்.

அண்ணனின் சட்டைப்பையில் பேனா இருக்காது, காந்தம் இருக்கும். கீறல் விழாதிருக்க அண்ணியின் பழைய சேலைத் துணியைச் சுற்றி வைத்திருப்பார். கல்யாண மண்டபக் கார் நிறுத்தத்தில் பழைய வண்டி எதைப் பார்த்தாலும் கதவடியில் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் தகரம். வழுக்கி விழுந்தால் புட்டி. நம் மழைக்குக் கண்ணாடி ரப்பருக்குள் தண்ணீர் தங்கும். பெயின்ட் மெல்ல உப்பும். துரு சொத்தைப் பல் மாதிரி, வெளியே புள்ளி, உள்ளே குழி. இதை அவர் காரின் உரிமையாளரிடமே விளக்குவதால், பந்தியில் அண்ணன் பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலியாக இருக்கும்.

செலிகாவுக்கு இன்ஜின் சாமான் கிடைப்பது பெரிய காரியமில்லை. அதன் 2டி இன்ஜினை டொயோட்டா கொரோல்லாவிலும் கரினாவிலும் பூட்டியது. தேடினால் பிஸ்டனும் கேஸ்கட்டும் அகப்படும். கொல்லுவதெல்லாம் வெறும் அலங்காரங்கள்: ரப்பர், குரோம் பட்டை, விளக்குக் கண்ணாடி. இவை செலிகாவுக்கு மட்டுமே பொருந்தும். ஹாஃப்கட் கடைக்குப் போனால், ஜப்பானிலிருந்து பாதியாக அறுபட்டு வந்த கார்கள் மலையாகக் குவிந்திருக்கும். எல்லாம் அண்ணனின் காருக்குப் பேரப்பிள்ளை வயது. தௌக்கே இவரைத் தூரத்தில் கண்டதுமே "தா அடா!" என்று கையை விரித்துவிடுவார். அப்படியும் உள்ளே போய் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, தேவையே இல்லாத ஒரு ஹாரனோடு அண்ணன் வெளியே வருவார்.

சாமான் விலையேறியதற்கு அவர் சொல்லும் காரணம் பாலத்துக்கு அந்தப் பக்கம். சிங்கப்பூரில் 1990இலிருந்து கார் வைத்திருக்கவே பத்தாண்டு அனுமதிச் சான்றிதழ் ஏலத்தில் எடுக்க வேண்டும். அங்கே ஆசையை அடக்கியவர்கள் இங்கே வந்து சாமானைத் தூக்குகிறார்கள் என்பது அவர் வாதம். "டாலர்க்காரன் வந்து விலையைக் கெடுத்துட்டான்" என்று பொருமுவார். தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் அதே பாலத்தைக் கடந்து டாலரில் சம்பளம் வாங்குபவர் அவர்தான்.

கடையில் இல்லாவிட்டால் தோட்டம். குளுவாங், சிகாமட் பக்கம் பழைய கிராணி வீட்டின் பின்னால் ஏதாவது நிற்கிறது என்று சேதி வந்தால் போதும், கிளம்பிவிடுவார். கிராணி இறந்துவிட்டாலும் விடமாட்டார்; சாவு வீட்டில் மாலை போட்டு, துக்கம் விசாரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்ட கையோடு மகனிடம் தாழ்ந்த குரலில் கேட்பார்: "ஐயா ஒரு பச்சைக் கார் வச்சிருந்தாரே தம்பி, அது இப்ப எங்க?" அப்படித்தான் ஒரு வால்விளக்குக்காக முழுக் காரையே வாங்கினார். இழுத்து வந்து காந்தம் வைத்துப் பார்த்தால், அதன் உடம்பு முதல் காரைவிட உறுதி. இப்போது அதைத்தான் சீர்செய்கிறார். முதல் கார் சாமான் கொடுக்கும் கார் ஆகிவிட்டது. வேலை பாதி முடிந்திருந்த இடத்திலிருந்து பூஜ்யத்துக்கு முன்னேறியது இப்படித்தான்.

"ஹாஃப்கட்டில் 4ஏஜி இன்ஜின் கிடக்குதுண்ணே, போட்டுரலாம்" என்பார் பட்டறை போமன்.

"அது 1,587 சிசி. ஒரு சிசி குறையுதேப்பா!"

உண்மையான பயம் வேறு. இன்ஜினை மாற்றினால் பரிசோதனைக்குப் போய், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே-யில் காரின் கிராண்டையும் திருத்த வேண்டும். அதற்குக் கார் ஓட வேண்டும். ஓடிவிட்டால் அண்ணனுக்கு வேலை போய்விடும்.

வீட்டுக்குள் மைலோ டின்களில் மைலோ இல்லை, போல்ட்டுகள்தான். கட்டிலுக்கடியில் குரோம் பம்பர், அலமாரி மேல் டேஷ்போர்டு. "என் நகையைவிட அந்த பம்பர்தான் பத்திரமா இருக்கு" என்பார் அண்ணி. மகள் செலிகாவில்தான் மண்டபத்துக்குப் போவாள் என்று வாக்குக் கொடுத்திருந்தார் அண்ணன். மகள் மைவியில் போனாள். வாக்கு இப்போது பேத்தியின் காதுகுத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். கார் இன்னும் இல்லை.

இந்த இனத்தில் காரை முடித்தவர்களும் உண்டு. அவர்கள் பாடு இன்னும் மோசம். மேகம் கறுத்தால் காரை வெளியே எடுப்பதில்லை, எடுத்தால் கடை வாசலில் நிறுத்துவதில்லை, நிறுத்தினால் தே தாரிக் ஆறும்வரைகூட உட்கார்வதில்லை. சில மாதத்தில் விற்றுவிட்டு அதே காசில் இன்னொரு துருக்கூட்டை வாங்கிவருகிறார்கள். தேடுவதுதான் இவர்களுக்குப் பிழைப்பு, கார் அதற்கு ஒரு சாக்கு. ஆனாலும் தெருவில் யார் வண்டி முனகினாலும் காது வைத்துக் கேட்டு, எந்த பேரிங் தேய்ந்தது என்று காசு வாங்காமல் சொல்வதும் இதே அண்ணன்தான். அவரைக் கேலி செய்யலாம், ஒதுக்க முடியாது.

அண்ணி சார்பில் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா வீட்டுப் பின்புறம் கொடி படர்ந்த பழைய கார் ஏதாவது கிடந்தால், இரும்புக் கடைக்குப் போடுங்கள், கோழி அடையுங்கள், உங்கள் இஷ்டம். செலிகா அண்ணன் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள். போர்ச்சில் இனி இடமில்லை.