அரை டீக்கும் காணாத அரசு

எங்கள் தெருமுனைக் கடையில் டீ 15 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் ஒரு பாட்டிக்கு மத்திய அரசு ஒரு நாளைக்குக் கொடுப்பது 6 ரூபாய் 66 பைசா. கடைக்காரர் நல்ல மனிதர், அரை டீ கேட்டால் முகம் சுளிக்காமல் ஆற்றிக் கொடுப்பார். ஆனால் அரை டீக்கே இன்னும் 84 பைசா குறைகிறதே!

இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம். பெயர் நெட்டை, தொகை குட்டை. 2007-இல் இந்தப் பெயரைச் சூட்டியபோதும் மாதம் 200 ரூபாய்தான், இன்றும் 200 ரூபாய்தான். சூட்டியவர்கள் 2014 வரை அரியணையில் இருந்தார்கள், எண்பதைத் தொடாத முதியவர்களுக்கு ஒரு ரூபாய் கூட்டவில்லை. அவர்களைத் திட்டியே வந்தவர்கள் ஊர்ப் பெயரை மாற்றினார்கள், சாலைப் பெயரை மாற்றினார்கள், திட்டக் கமிஷனையே கலைத்தார்கள். காங்கிரஸ் விட்டுப்போனவற்றில் பயபக்தியோடு அப்படியே காப்பாற்றி வருவது இந்த 200 ரூபாயைத்தான்.

80 வயதைத் தொட்டால் 500 ரூபாய், அதுவும் 2011-இல் வைத்த கணக்கு. நாளுக்கு 6 ரூபாய் 66 பைசாவில் இருபது வருடம் உயிரோடு இருந்து காட்டினால் பரிசு! இதைவிடக் கடினமான பந்தயத்தை எந்தச் சூதாடியும் வைத்ததில்லை.

உதவித்தொகையை வெட்டிவிட்டார்கள் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. வெட்டினால் சத்தம் கேட்கும், ரத்தம் தெரியும். தொடாமல் விட்டுவிட்டால் போதும், மிச்சத்தை விலைவாசி பார்த்துக்கொள்ளும். கரையான் அரித்த கதவும் வாசலில் கதவாகத்தான் நிற்கிறது. பட்ஜெட்டில் இந்த ஓய்வூதியத்தையும் உள்ளடக்கிய தேசிய சமூக உதவித் திட்டம் முழுவதற்கும் 2024-25-இல் ஒதுக்கியது 9,652 கோடி. 2025-26-இலும் அதே 9,652 கோடி. பெரிய தொகைதான், வளரத்தான் மாட்டேன் என்கிறது. ஒரு மாநிலத்துக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் 2001 மக்கள்தொகையை வைத்துப் போட்டதுதான். அதற்குப் பிறகு கிழவியானவர்கள் இன்னொரு கிழவியின் சாவுக்காகக் காத்திருக்க வேண்டும். 2001-க்குப் பிறகும் இந்தியர்களுக்கு வயதாகிறது என்பது டெல்லியில் தேர்தல் ஆணையம் ஒன்றுக்குத்தான் தெரியும் போலிருக்கிறது.

விலைவாசி ஏறுவது டெல்லிக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப ஐந்தாண்டுக்கு ஒருமுறை தானாக உயர வேண்டும் என்று 2018-லேயே சட்டம் போட்டுக்கொண்டார்கள். 2025 மார்ச்சில் ஓர் அறிவிப்பு வந்தது: 1,00,000 ரூபாய் 1,24,000 ஆனது. முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியம் 25,000-இலிருந்து 31,000. அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு, நிலுவையோடு. ஆளுங்கட்சி எதிர்க்கட்சி சண்டையெல்லாம் இந்த இடத்தில் மட்டும் ஓய்வெடுத்துக்கொள்கிறது. வெங்காய விலை எம்.பி. வீட்டுக்கு மட்டும் ஏறுகிறது, பாட்டி வீட்டில் 2007-லேயே நிற்கிறது.

பணமில்லை என்பார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வரியை 30 சதவீதத்திலிருந்து 22-ஆகக் குறைத்தபோது, இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று நிதியமைச்சரே சொன்னார். பாட்டிகள், விதவைகள், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்குமான அந்த 9,652 கோடியைப் பதினைந்து வருடம் கொடுக்கலாம், அந்த ஒரு வருடத் தள்ளுபடியில்.

சரி, கிழவிதானே, நூறு நாள் வேலைக்குப் போகட்டும் என்கிறீர்களா? போகிறாள். காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ. சிக்னல் இல்லையென்றால் ஆள் இல்லை, மண் வெட்டியது பொய். 2023 முதல் இதுதான் வருகைப் பதிவு. திருட்டைத் தடுக்க வந்த செயலியாம். போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பிப் புலம்பியது. திருடனுக்குச் செயலி புரிந்துவிட்டது. கிழவிக்குத்தான் புரியவில்லை.

கூலி 15 நாளில் வர வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. 2024-25-இல் தமிழ்நாட்டில் இருந்த 319 ரூபாய் கூலிக்கு அது 16 பைசா! தமிழ்நாட்டுக்கு மட்டும் 4,034 கோடி பாக்கி வைத்து, மாதக்கணக்கில் பெண்களை வங்கிக்கு நடக்கவிட்டது நினைவிருக்கும்.

2025 டிசம்பரில் அந்த நூறு நாள் வேலைச் சட்டத்தையே தூக்கிவிட்டு, காந்தியின் பெயரையும் எடுத்துவிட்டு, 125 நாள் தருகிறோம் என்றார்கள். 100 நாள் என்று சொல்லிச் சராசரியாக 50 நாள் கொடுத்த கடை, போர்டை மட்டும் 125 என்று மாற்றி எழுதிக்கொண்டது. உள்ளே போய்ப் பார்த்தால், முன்பு மத்திய அரசே முழுதாகக் கொடுத்த கூலியில் பெரும்பாலான மாநிலங்கள் இனி 40 சதவீதம் போட வேண்டும், விதைப்பு அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். பெரிய விவசாயிக்கு ஆள் மலிவாகக் கிடைக்க வேண்டாமா?

மாநிலங்களும் சளைத்தவை அல்ல. பீகாரில் 400 ரூபாயாக இருந்த முதியோர் தொகை 2025-இல் ஒரே தாவலில் 1,100 ஆனது, தேர்தலுக்குச் சில மாதம் முன்பு. முதியவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் பசிக்கும். நம்மூரில் கைக்கு வருவது 1,200, டெல்லியின் 200-ம் அதில் அடக்கம், அது பரவாயில்லை. ஆனால் 2021-இல் இல்லத்தரசிகள் எல்லோருக்கும் என்று மேடையில் கேட்ட ஆயிரம் ரூபாய், 2023-இல் ‘தகுதி வாய்ந்த’ என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துக்கொண்டு வந்து சேர்ந்தது. ஓட்டுப் போடும்போது யாரும் தகுதி கேட்கவில்லை.

பாட்டி சார்பில் ஒரு சின்ன விண்ணப்பம். எம்.பி.க்களுக்குப் போட்ட அதே 24 சதவீதக் கணக்கை அவளுக்கும் போடுங்கள். 200 ரூபாய் 248 ஆகும். கூடுதலாக 48 ரூபாய், மாதத்துக்கு மூன்று டீ. மீதி 3 ரூபாயைத் திருப்பித் தர வேண்டாம். புது நாடாளுமன்றத்துக்குப் பாட்டி வைத்த மொய் என்று எழுதிக்கொள்ளுங்கள்.