காசு கொடுத்து நனைவோர் கவனத்துக்கு

கோடை விடுமுறை வந்தாலும் வந்தது, இந்த முறை தபாலில் பாதி வாட்டர் பார்க்கைப் பற்றி, மீதி மாம்பழ விலையைப் பற்றி. மாம்பழ விலைக்கு என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. ஆகவே தண்ணீரில் இறங்குகிறேன்.

கே: குற்றாலத்தில் சல்லிக்காசு கொடுக்காமல் குளிக்கலாம். மோட்டார் போட்டு ஏற்றிய தண்ணீரில் குளிக்க எதற்கய்யா இவ்வளவு டிக்கெட்? (தென்காசி வாசகர்)

ப: தென்காசிக்காரர் கேட்பீர்கள். சாரல் அடித்தால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். மற்றவர்கள் கதை வேறு. குற்றாலத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது தென்மேற்குப் பருவமழை. அது வரும் நேரம் பள்ளிக்கூடம் திறந்துவிடும். பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில், கோடை மழை தயவு வைக்காவிட்டால், ஐந்தருவியில் ஐந்தையும் தேட வேண்டியிருக்கும். பருவமழைக்கும் பள்ளிக்கல்வித் துறைக்கும் ஒத்துப்போகாத இந்த இரண்டு மாதத்தில்தான் வாட்டர் பார்க் முதலாளி கடை விரித்தார். லீவு விட்ட அன்றைக்கே கொட்டுகிற அருவி என்றால் விலை கூடத்தான் இருக்கும்.

கே: நம் பக்கத்தில் இந்த வியாபாரத்தை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் யார்? (சேலம் வாசகர்)

ப: 'முதன்முதல்' பட்டத்துக்கு ஆளாளுக்குப் பாத்தியதை கொண்டாடுவார்கள், நான் நாட்டாமை செய்யப் போவதில்லை. சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. கோல்டன் பீச் முன்பே இருந்தது. ஆனால் அங்கே கடலே பக்கத்தில் இருந்தது. கூட்டமோ கடலைவிட்டு, அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க முண்டியடித்தது.

தண்ணீரைத் தேரோட்டம் போலக் கொண்டாட வைத்தது, 1995இல் மேற்குத் தாம்பரத்துக்கு அப்பால் திறந்த கிஷ்கிந்தா. அதைக் கட்டியவர் நவோதயா அப்பச்சன், மலையாளப் படத் தயாரிப்பாளர். 1982இல் 'படையோட்டம்' என்று 70 எம்.எம். படம் எடுத்தவர். 1984இல் இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' தயாரித்தவர். மகன் ஜிஜோ இயக்கிய அந்தப் படத்தில் பிள்ளைகள் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடப்பார்கள். அறையையே ராட்டினமாகச் சுழலவிட்டு எடுத்த காட்சி அது. திரையிலேயே பிள்ளைகளைத் தலைகீழாக்கிப் பார்த்தவர், அடுத்து அப்பா அம்மாக்களையும் சேர்த்துத் தலைகீழாக்க இடம் தேடியதில் ஆச்சரியமென்ன? பெயரையும் வானர ராஜ்யத்திலிருந்தே எடுத்தார். தண்ணீரில் இறங்கிய கால் மணி நேரத்தில் குடும்பத் தலைவர்களே அந்தப் பெயரை நியாயப்படுத்திவிடுவார்கள். தொண்ணூறுகளில் சென்னைப் பள்ளிகளில் படித்தவர்களிடம் எக்ஸ்கர்ஷன் என்று சொல்லிப் பாருங்கள், முதலில் வருகிற இரண்டு மூன்று பெயர்களில் கிஷ்கிந்தா இருக்கும். அப்பச்சன் 2012இல் காலமானார்.

கோவைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரை மறக்கவில்லை. நீலகிரி அடிவாரத்தில், ஊட்டி ரோட்டிலேயே இருக்கிறது. கீழே நனைந்து, மேலே போய் நடுங்குவது என்பது கொங்குநாட்டுச் சுற்றுலாவில் ஒரு தனி மார்க்கம்.

கே: வீட்டில் ஃபிரிட்ஜுக்கு வி-கார்டு ஸ்டெபிலைசர். அந்தக் கம்பெனிக்காரர்தான் வொண்டர்லாவையும் கட்டினார் என்கிறான் என் மகன். கரண்டுக்கும் தண்ணீருக்கும் ஆகாதே! (திருப்பூர் வாசகர்)

ப: மகன் சொல்வது சரி. திருச்சூர்க்காரர் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி, பௌதிகத்தில் முதுகலை படித்தவர். 1977இல் அப்பாவிடம் கடன் வாங்கி ஸ்டெபிலைசர் செய்ய ஆரம்பித்தார். நம் மின்வாரியங்களின் அருளால் அந்த வியாபாரம் படுக்கவே இல்லை. 2000ஆம் ஆண்டு கொச்சி அருகே பள்ளிக்கரையில் ஒரு பார்க்கைத் திறந்து, வி-கார்டு ஞாபகமாக வீகாலேண்ட் என்று பெயர் வைத்தார். 2005இல் பெங்களூரு, மைசூர் ரோட்டில் பிடதி அருகே அடுத்தது. அதற்குத்தான் வொண்டர்லா என்று பெயர். பிறகு கொச்சியும் அந்தப் பெயருக்கே மாறிவிட்டது. 2014இல் பங்குச்சந்தை, 2016இல் ஹைதராபாத், 2024இல் புவனேஸ்வர்.

சென்னைக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பீர்கள். நிலம் வாங்கிப் பல வருடம் ஆகியும் கேளிக்கை வரி விவகாரத்தில் காரியம் இழுத்துக்கொண்டே கிடந்தது. கடைசியில் திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பரில்தான் கதவு திறந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் வாட்டர் பார்க் திறக்க ஒரு தைரியம் வேண்டும்.

இன்னொரு சேதி. 2011இல் இவர் முன்பின் பழக்கமில்லாத ஒரு லாரி டிரைவருக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைத் தானமாகக் கொடுத்தார். தொழிலதிபர்களைக் கேலி செய்வது இந்தப் பகுதியின் வழக்கம் என்றாலும் இவரிடம் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன்.

கே: புளியோதரைப் பொட்டலத்தை கேட்டிலேயே பிடுங்கி வைக்கிறார்களே, நியாயமா? (ஸ்ரீரங்கம் வாசகி)

ப: நியாயமில்லைதான். ஆனால் வயிறு நிறையப் புளியோதரையோடு தலைகீழ் ரைடில் ஏறுகிறவருக்குக் கீழே நிற்பவரின் தரப்பையும் கேட்க வேண்டும்.

கே: வேவ் பூலில் அலை எப்படி வருகிறது? அடியில் ஆள் வைத்துக் கலக்குகிறார்களா? (நாகப்பட்டினம் வாசகர்)

ப: கடற்கரை ஊர்க்காரர் கேட்கும் நக்கல் புரிகிறது. கலக்குவது காற்று. குளத்தின் ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அடைத்த அறைகள் இருக்கும். பெரிய ஊதுவிசிறிகள் அவற்றுக்குள் காற்றை அழுத்தும். அறைக்குள் இருக்கும் தண்ணீர் கீழே தாழ்ந்து, சுவரின் அடிவழியாகக் குளத்துக்குள் பிதுங்கும். காற்றைத் திறந்துவிட்டால் தண்ணீர் மறுபடி அறைக்குள் ஏறும். சில விநாடிகளுக்கு ஒருமுறை இப்படி மாற்றி மாற்றிச் செய்தால் அலை தயார். தரை சரிவாக மேலேறுவதால் மெரினா மாதிரியே கரைக்கு வந்து உடைகிறது. மெரினாவில் இல்லாதது, அலையை நிறுத்தும் சுவிட்ச்.

இதை அமெரிக்காக்காரன் மூளை என்று நினைக்கிறவர்களுக்கு: ஜெர்மனியில் டிரெஸ்டன் பக்கம் ராடெபாயில் என்ற ஊரில் 1912லேயே எந்திர அலைக் குளம் வந்துவிட்டது. அமெரிக்கர்கள் 1969இல் அரிசோனா பாலைவனத்தில் 'பிக் சர்ஃப்' என்று ஒரு கடற்கரையைக் கட்டினார்கள். கடல் இல்லாத ஊரில் அலைக்கு மவுசு அதிகம் என்பதைக் கண்டுகொண்டது அவர்கள்தான். பிறகு 'சீ வேர்ல்டு' நிறுவனர்களில் ஒருவரான ஜார்ஜ் மில்லே, 1977இல் ஆர்லாண்டோவில் அலை, சறுக்கு எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்து 'வெட் அண்ட் வைல்டு' திறந்தார். இன்றைக்கு நாம் பார்க்கிற வாட்டர் பார்க்கின் அச்சு அதுதான். அது 2016 டிசம்பர் 31ஆம் தேதியோடு மூடப்பட்டது. பிள்ளைகள் எல்லாம் இங்கே ஓ என்று கத்திக்கொண்டிருக்கின்றன.

கே: என் மனைவியைச் சேலையோடு இறங்க விடவில்லை. தமிழ்ப் பண்பாட்டுக்கு இது இழுக்கில்லையா? (கும்பகோணம் வாசகர்)

ப: உங்கள் வேட்டிக்கும் அனுமதி கிடையாதே, அந்தப் பண்பாட்டைப் பற்றி ஏன் எழுதவில்லை? பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். நூல்நூலாகப் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். சறுக்கில் உடம்பு வழுக்குவது அடியில் ஓடும் மெல்லிய நீர்ப்படலத்தால். அதில் கொசுவமும் முந்தானையும் சிக்கினால் விளைவு விளையாட்டாக இருக்காது. அதனால்தான் நைலான்.

என் அபிப்பிராயம் கேட்டால், இந்த இடங்களின் மிகப் பெரிய ரைடு அந்த காஸ்ட்யூம் கவுன்ட்டர்தான். மாமியாரும் மருமகளும் ஒரே வாடகை நைலானில், ஒரே டியூபில், ஒரே சுருதியில் அலறிக்கொண்டு இறங்குவதை வேறெங்கே பார்க்க முடியும்? காவிரிக் கரையில் முப்பது வருடம் ஈரச்சேலையோடு கரையேறி, பின்னாடியே மற்றவர் துணியையும் துவைத்த பெண்மணி, லேசி ரிவரில் மல்லாந்து மிதக்கிறார். அவரைக் கரையிலிருந்து சமையல் என்ன என்று கேட்க முடியாது. டிக்கெட்டில் பாதிப் பணம் இதற்கே செரித்துவிடும். உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

கே: நான் குண்டு, என் தம்பி ஒல்லி. சறுக்கில் எப்போதும் நானே முதலில் வருகிறேன். கலிலியோ பொய் சொல்லிவிட்டாரா? (ஈரோடு வாசகர்)

ப: கலிலியோ கணக்கு, தடையே இல்லாத இடத்துக்கு. சறுக்கில் காற்றும் தண்ணீரும் இழுத்துப் பிடிக்கின்றன. எடை கூடக் கூட அந்த இழுவை எடையின் விகிதத்துக்குக் கூடுவதில்லை, அதனால் கனத்தவர் பொதுவாக முந்துவார். வாழ்க்கையில் எடைக்குப் பரிசு தரும் இடங்கள் குறைவு. அனுபவியுங்கள்.

கே: தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் சுத்தம் என்று அர்த்தமா? (மதுரை வாசகி)

ப: நேர்மாறு. குளோரின் தனியாக இருக்கும்போது வாடை அவ்வளவு தெரியாது. அது வியர்வையோடும், சொல்லக் கூசுகிறது, சிறுநீரோடும் சேரும்போது குளோரமின் உண்டாகிறது. மூக்கைத் துளைப்பதும் கண்ணைச் சிவக்க வைப்பதும் அதுதான். வாட்டர் பார்க்கில் ஒரே தண்ணீரைத்தான் மணல் வடிகட்டியில் அரித்து, மருந்து போட்டுச் சுற்றவிடுகிறார்கள். முந்தைய குடும்பம் விட்டதில்தான் நீங்கள் மிதக்கிறீர்கள்.

கே: பயமாக இருக்கிறது. போகலாமா? (வேலூர் வாசகர்)

ப: பயம் நல்லது, அதோடு போங்கள். நியூஜெர்சியில் 'ஆக்‌ஷன் பார்க்' என்ற இடத்தில் எண்பதுகளில் முழு வட்டம் அடிக்கும் குழாய்ச் சறுக்கு ஒன்றைக் கட்டினார்கள். ஆட்களுக்கு அடிபட்டதால் சீக்கிரமே இழுத்து மூடினார்கள். கான்சஸ் சிட்டியில் 2014இல் உலகிலேயே உயரமான சறுக்கு, 51 மீட்டர், 'ஃபெர்ரூக்ட்' என்று பெயர். 2016இல் ஒரு சிறுவன் உயிர் போனது. 2018இல் பிரித்துப் போட்டார்கள். உலகத்திலேயே உயரமானது என்ற போர்டுக்காகக் கட்டினால் கணக்கு பின்னுக்குப் போய்விடும். நம் வேலை சின்னது. வாசலில் உயரம் அளக்கும் கோட்டை எட்டாத பிள்ளையை நுனிக்காலில் நிற்க வைத்து ஏமாற்றாதீர்கள். லைஃப் கார்டு விசில் ஊதினால், "நாங்க பார்க்காத தண்ணியா" என்று அவரிடம் வம்பு வேண்டாம்.

கே: மே மாதம் குடும்பத்தோடு போகிறோம், பதினோரு பேர். யோசனை சொல்லுங்கள். (புதுச்சேரி வாசகி)

ப: ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். கேட் திறந்ததும் உயரமான சறுக்குகளை முடித்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் படிக்கட்டிலேயே பொழுது போய்விடும். பெரியவர்களுக்கு லேசி ரிவர். வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையை அழுதாலும் தண்ணீரில் விடாதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரினிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். இறங்குவதற்கு முன் பதினோரு பேரும் ஷவரில் ஒரு குளியல் போட்டுவிடுங்கள், பாத்ரூமுக்கும் போய்விட்டு வாருங்கள். உங்களுக்குப் பின்னால் வேலூர்க்காரர் வேறு பயந்துகொண்டே வருகிறார்.