கொஞ்சம் ருசி பார்க்கலாமா?

எங்கள் ஊர்ப் பப்பில் அந்த மனிதர் வரிசையில் உங்களுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார் என்றால், உங்களுடைய தாகத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருக்கும் பழைய பீர்ச் சின்னங்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்குவதைத் தவிர வேறு மார்க்கம் கிடையாது.

"அந்தக் கறுப்பில் கொஞ்சம் ருசி பார்க்கலாமா?" என்று மிகுந்த பணிவோடு ஆரம்பிப்பார். பணிவுக்கு அவரிடம் ஒரு நாளும் குறைவிருந்ததில்லை. கடைக்காரர், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் குளிர் அறைக்குள் போய், மரச் சட்டத்தின்மீது சற்றே முன்சாய்ந்து படுத்திருக்கும் பீப்பாய்களில் ஒன்றின் குழாயைத் திருகி, கண் மருந்து ஊற்றும் கிண்ணத்தைவிடச் சிறிதே பெரிதான ஒரு கோப்பையில் ஒரு வாய் அளவு பிடித்துவந்து நீட்டுவார். அதை அவர் உடனே குடித்துவிடுவார் என்று எண்ணுபவர்கள் இந்த ஊருக்குப் புதியவர்கள். முதலில் கோப்பை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே உயரும். பிறகு மூக்குக்குக் கீழே இறங்கும். அப்புறம், சங்கீதக் கச்சேரியில் ராக ஆலாபனை உச்சத்துக்குப் போகும்போது முன் வரிசைக் கனவான்கள் கண்ணை மூடிக்கொள்வார்களே, அதைப் போலக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு வாய். மௌனம். தலை இரண்டு முறை அசையும். "நல்லது, மிகவும் நல்லது. அந்தப் பொன்னிறத்தில் கொஞ்சம் பார்க்கலாமா?"

இப்படி நான்கு ஏல் பீர் ஆகும், பிறகு மூன்று ஆப்பிள் சைடர் ஆகும். ஏழு கோப்பைகளும் பல்லாங்குழி ஆடிவிட்டு எழுந்து போன இடம்போல மேஜையில் வரிசையாக நிற்க, அவர் நீண்ட பெருமூச்சு விட்டு, பதினோரு வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கும் அதே பிட்டர் ஏலில் அரைப் பைண்ட் கேட்பார். அரைப் பைண்ட் என்பது 284 மில்லிலிட்டர். ருசி பார்த்த ஏழு வாயையும் கூட்டினால் கிட்டத்தட்ட அந்த அளவே வரும் என்பது, வரிசையில் நின்றபடி நான் பலமுறை போட்டுப் பார்த்த கணக்கு. ஆக, ஒரு பாதி விலைக்கு, ஒரு பாதி தானம்.

பெரிய பப்பாயிருந்தால் நான் இவ்வளவு புலம்ப மாட்டேன். இது மைக்ரோபப் என்னும் குட்டிப் பப். 2005-ஆம் வருஷத்தில், லைசென்ஸ் சட்டம் மாறிச் சிறிய இடங்களுக்கும் அனுமதி பெறுவது சுலபமான சமயத்தில், இங்கிலாந்தின் கெண்ட் ஜில்லாவைச் சேர்ந்த ஹெர்ன் கிராமத்தில் மார்டின் ஹில்லியர் என்பவர், பழைய இறைச்சிக் கடை ஒன்றில் 'புட்சர்ஸ் ஆர்ம்ஸ்' என்ற பெயரில் தொடங்கியது இந்த வம்சத்தின் மூல புருஷன். அதைப் பார்த்துத்தான் இந்தக் கரையோரத்தில் காலியாகக் கிடந்த பூக்கடைகளும் செருப்புக்கடைகளும் ஒவ்வொன்றாகப் பப்பாக அவதாரம் எடுத்தன. லாகர் கூடாது, சங்கீதம் கூடாது, டெலிவிஷன் கூடாது, சூதாட்ட யந்திரம் கூடாது. நல்ல பீப்பாய் ஏலும் நல்ல சைடரும் மனிதருக்கு மனிதர் பேச்சும் போதும் என்பது அந்த சம்பிரதாயத்தின் சித்தாந்தம். அதி உன்னதமான சித்தாந்தம்தான். ஆனால், பேச்சைத் தவிர வேறு கேளிக்கை வேண்டாமென்று ஏற்படுத்திய ஓர் அறையில், அந்தப் பேச்சு முழுவதையும் ஒருவரே குத்தகைக்கு எடுத்துக்கொண்டால் மற்ற பதினைந்து பேர் எங்கே போவது? இருப்பதே ஒற்றை அறை, நான்கு பெஞ்சு, எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அவருடைய முழங்கை உங்கள் விலாவில் படும்.

அவர் சொல்வதெல்லாம் பிசகு என்றாலாவது மனம் ஆறும். பிசகே இல்லை. பீப்பாய்க்குள் போன பிறகும் ஏல் உயிரோடிருந்து நொதித்துக்கொண்டிருக்கும் என்பதும், மேலே மென்மையான மர ஆப்பைச் செருகினால் வாயு மெல்லக் கசியும், கெட்டியான ஆப்பை வைத்தால் அடங்கும் என்பதும், காற்றுப்பட்ட பீப்பாயை மூன்று நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதும், 12 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் வைக்காவிட்டால் ருசி கெடும் என்பதும் நான் அவர் வாயால் கற்றவைதான். ஒரு 'ஃபர்கின்' பீப்பாய் 72 பைண்ட் கொள்ளும் என்று அவர் முதன்முதலில் சொன்னபோது, அதில் அவருடைய தர்மக் கோப்பைகளுக்கு எவ்வளவு போகும் என்று என் மனம் வகுத்துப் பார்த்தது.

ஆனால் ஒரு விஷயத்தை அவர் எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம். நான் பரம்பரைச் சைவம். கடல் கடந்து வந்தும் முட்டையைக்கூடத் தொடாதவன். இரண்டு வருஷமாக அந்த ஊர்ப் பிட்டரை நிர்மலமான மனச்சாட்சியோடு குடித்துவந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை, என்னுடைய கோப்பையை எனக்காக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எப்படித் தெளிந்திருக்கிறது பார்த்தீர்களா? எல்லாம் மீனின் காற்றுப்பை செய்கிற வேலை!" என்றார். கலங்கலைப் படியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்ப்பது இத்தேசத்தின் புராதன வழக்கமாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ததும்பிய ஆனந்தம் பேரனுக்குப் பெயர் வைத்த தாத்தாவுக்குக்கூட இருக்காது. தஞ்சாவூர் ஜில்லாவில் இருக்கும் என் தாயாரின் ஞாபகம் வந்தது. கோப்பையை மெல்ல மேஜையில் வைத்தேன். அன்று முதல் சைடருக்கு மாறினேன். அதிலும் நிம்மதி இல்லை. கெண்ட் சைடர், பழமாகத் தின்னுகிற ஆப்பிளிலும் சமையல் ஆப்பிளிலும் செய்வதாகையால் அது வெறும் புளிப்பு என்றும், சோமர்செட்டில் விளைகிற கிங்ஸ்டன் பிளாக், டேபினெட் போன்ற துவர்ப்பு ஜாதிப் பழங்களில் வடிப்பதே சைடர் என்றும், நான் முதல் வாய் விழுங்குவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவருடைய குறிப்பு நோட்டைப் பற்றியோ, ஏலின்மேல் நுரை எழுப்பும் குழாய்மூக்கைப் பற்றி வட இங்கிலாந்துக்காரர்களோடு அவர் நடத்தும் வாக்குவாதத்தைப் பற்றியோ நான் எழுதப் போவதில்லை. ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அன்று கடையில் நல்ல கூட்டம். ஊர்ப் பிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஏழாவது கோப்பை முடிந்து தம் அரைப் பைண்டை வாங்கி ஒரு முறை முகர்ந்தவர், குடிக்கவில்லை. எழுந்து போய்க் கடைக்காரர் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். அறை முழுக்கக் கேட்கும்படி பேசுவதே வழக்கமான அந்த மனிதரின் குரல் எனக்குக்கூட எட்டவில்லை; நான் அடுத்த பெஞ்சில்தான் இருந்தேன். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் குளிர் அறைக்குள் போனார். திரும்பி வந்து, அந்தப் பிட்டரின் பெயர் அட்டையைத் திருப்பி வைத்தார். அவ்வளவுதான். காடி ஏறத் தொடங்கிய பீப்பாயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கடைக்காரருக்கு மானக்கேடும் இல்லை. ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேறு கோப்பை வந்தது. "இன்றைக்கு அது தீர்ந்துபோயிற்று" என்றார் நம்மவர், எல்லோருக்கும் கேட்கும்படி. பொய் சொல்லும்போதும் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றைக்கு அவர்பேரில் எனக்கு உண்டான பிரியம் மறு சனிக்கிழமை மாலை ஆறு மணி வரை நீடித்தது. ஆறு அடித்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார், எனக்கு முன்னால் போய் நின்றார், "அந்தக் கறுப்பில் கொஞ்சம் ருசி பார்க்கலாமா?" என்றார்.

என் புகார் மிகவும் சாதாரணமானது. பின்னால் நிற்பவனுக்கும் ஒரு தொண்டை உண்டு. அவனுடைய கடைசிப் பஸ் ஏழே முக்காலுக்குப் போய்விடும். பதினோரு வருஷம் ருசி பார்த்த நாக்குக்குத் தனக்கு எது வேண்டுமென்று தெரியாதா? தெரியும். வாங்கப் போவதும் அதுதான் என்று கடைக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த அறையில் படுத்திருக்கும் நாய்க்கும் தெரியும்.

நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் சனிக்கிழமையிலேயே வாருங்கள். புதுப் பீப்பாய் திறப்பது அன்றுதான். ஆனால் ஐந்தரைக்கே வந்துவிடுங்கள்.