பாலையில் போல்டரிங்: முதல் நாள் பயணத்தின் இலக்கணம்

கயிறு கட்டிக்கொள்ளாமல், நான்கைந்து மீட்டருக்கு மேற்படாத தனிப் பாறைகளின் மீது ஏறுவது போல்டரிங். அந்த உயரத்தைத் தாண்டிய பாறைகளை ஹைபால் என்பார்கள். அவை இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. முதல் நாள் பயணிகளும் அவற்றுக்கு வெளியே நிற்பதே நல்லது. ஜிம்மின் செயற்கைச் சுவர்களில் சில மாதம் பழகியவர்கள், உண்மையான பாறையைத் தொட்டுப் பார்க்க ஒரு நாள் கூட்டமாகக் கிளம்புவது வழக்கம். அந்த நாளில் ஒருவருடைய இரண்டு கால்களும் தரையை விட்டு நீங்கியிருக்கும் நேரத்தையெல்லாம் கூட்டினால் சில நிமிடங்கள் தேறும். மற்றப் பொழுது வண்டி ஓட்டுவதிலும், சுமப்பதிலும், தேடுவதிலும், உட்கார்ந்து பாறையை அண்ணாந்து பார்ப்பதிலும் கழிகிறது. அந்தச் சில நிமிடங்களைப் பற்றி நூல்கள் நிறைய உண்டு. மற்றப் பொழுதை யாரும் பொருட்படுத்தாததால் இக்கட்டுரை அதையே பொருளாகக் கொள்கிறது.

துறையின் தோற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நவீன போல்டரிங்கின் தந்தை எனப்படும் ஜான் கில் ஒரு கணிதப் பேராசிரியர், ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றவர். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் கையில் பூசும் மெக்னீசியம் கார்பனேட் தூளை (சாக்குத்தூளை) 1950-களில் பாறைக்குக் கொண்டுவந்தவர் அவர். பெரிய மலைக்கான ஒத்திகையாகவே பலரும் கருதியிருந்த இந்த வேலையைத் தனிக் கலையாக முன்வைத்து 1969-இல் அமெரிக்க ஆல்பைன் ஜர்னலில் எழுதினார். அவர் வகுத்த தரவரிசையில் பி1, பி2, பி3 என்று மூன்றே படிகள். ஒருவர் மட்டுமே ஏறிய பாறை பி3. இரண்டாவது ஆள் ஏறியதும் அதன் தரம் இறங்கிவிடும். அடுத்தவன் செய்துவிட்டால் அது பெரிய காரியமில்லை என்ற உலக வழக்கத்தை இவ்வளவு சுருக்கமாக விதியாக்கிய கணிதவியலாளர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

களமாகக் கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வது பொருத்தம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஏறத்தாழ 210 கிலோமீட்டர். விடியலில் கிளம்பி இருட்டியபின் திரும்பலாம். 1936-இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டு 1994-இல் தேசியப் பூங்காவான இந்த நிலத்தில் மொஹாவே, கொலராடோ என்னும் இரு பாலைவனங்கள் சந்திக்கின்றன. பூங்காவுக்குப் பெயர் தந்த ஜோஷுவா மரம், தாவரவியல்படி கற்றாழையைப் போன்ற யூக்கா இனம். பாறைகள் மான்சோகிரானைட். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலத்தடியில் குழம்பு குளிர்ந்து இறுகி, குறுக்கும் நெடுக்கும் வெடிப்பு விட்டது. தட்பவெப்பம் இன்றைவிட ஈரமாக இருந்த காலத்தில் நிலத்தடி நீர் அந்த வெடிப்புகளில் இறங்கிச் சதுரக் கட்டிகளின் மூலைகளைக் கரைத்து உருண்டையாக்கியது. பின்னர் மேல்மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போக, உருண்டைகள் குவியல் குவியலாக வெளியே வந்தன. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் பெரும்பெரும் மணிகளாகத் துருத்திக்கொண்டிருப்பதால் காலணியின் ரப்பர் நன்றாகப் பிடிக்கும். அதே மணிகள் விரல்தோலையும் நன்றாகப் பிடிக்கும். இந்த இரண்டாவது உண்மை ஜிம்மில் விளங்குவதில்லை.

பொழுதைப் பற்றித் தமிழ் இலக்கணத்துக்கும் போல்டரிங்குக்கும் ஒரு முரண்பாடு உண்டு. பாலைத் திணைக்குப் பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். ஏறுபவருக்கு இவை இரண்டுமே ஆகாதவை. கோடையில் இங்கே 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். வியர்த்த விரல் பாறையில் நிற்காது. ரப்பரும் குளிர்ந்த பாறையில்தான் உறுதியாகப் பிடிக்கும். ஆகவே அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களும், அவற்றிலும் காலையும் மாலையுமே உகந்தவை. பாலைக்குப் பின்பனியும் உரியது என்று தொல்காப்பியம் விட்டுவைத்த சலுகை மட்டுமே இரு மரபுக்கும் பொதுவாக அமைகிறது. உரிப்பொருளில் சிக்கல் இல்லை. பாலையின் உரிப்பொருள் பிரிவு. இங்கும் மாலைக்குள் தோல் விரலை விட்டுப் பிரிகிறது. ஆனால் பழைய தலைவன் பொருள் தேடிப் பாலையைக் கடந்தான். இந்தக் கூட்டம் பொருளைச் செலவழித்துப் பாலைக்குள் நுழைகிறது.

செலவில் பெரும்பங்கு கிராஷ் பேடுக்குப் போகிறது. மடித்து முதுகில் மாட்டிக்கொள்ளும் இந்த மெத்தை விரித்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும்; கனம் 10 சென்டிமீட்டர் அளவு. மேலே விறைப்பான நுரை, கீழே மென்மையான நுரை. மேலடுக்கு விழுகிற வேகத்தைப் பரப்பிக் கொடுக்க, கீழடுக்கு அதை உள்வாங்குகிறது. தலைகீழாகப் போட்டால் பயன் குறையும். முதல் பயணத்தில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் போடப்படுகிறது. கால்கள் 3 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது கை நழுவினால், தரையைத் தொடும் வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். ஜிம்மில் சுவரடி முழுவதும் முழங்கால் புதையும் மெத்தை. இங்கே மெத்தை ஒரு சதுர மீட்டர், மற்றப் பாலைவனம் சுமார் 3,200 சதுர கிலோமீட்டர். இந்த விகிதத்தைப் பயணிகள் வீட்டிலிருந்து கிளம்பும்போது அல்ல, பாறையின் பாதி வழியில் கீழே பார்க்கும்போது உணர்கிறார்கள்.

மற்றச் சாமான்களைப் பற்றி ஒன்றே போதும்: தண்ணீர். பூங்காவின் உட்பகுதியில் குடிநீர்க் குழாயோ கடையோ பெட்ரோல் பங்கோ கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் என்பது பூங்காவின் அறிவுரை. உடலை வருத்துவோருக்கு அது போதாது. ஒரு குழுவின் பைகளைத் திறந்தால் மூன்று வகை சாக்குத்தூளும், நான்கு வகை பிரஷ்ஷும், விரலில் சுற்றும் டேப்பும், இசை கேட்கும் ஸ்பீக்கரும் இருக்கும். தண்ணீரை மற்றவர் கொண்டுவருவார் என்று ஒவ்வொருவரும் நம்பியிருப்பார்கள். ஜிம் நண்பர்கள் வளர்க்கும் நாய்க்கும் இங்கே இடம் குறைவு. சாலையிலிருந்து 30 மீட்டருக்கு அப்பால் நாயை அழைத்துப் போகப் பூங்கா விதி இடந்தராது.

அடுத்து வருவது, நாளின் மிக நீண்ட பகுதியான தேடு படலம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பாறைக்குப் பத்து நிமிடம் என்று வழிகாட்டி நூல் சொல்லும். எழுதியவருக்கு அது எந்தப் பாறை என்று முன்பே தெரியும் என்பதால் அந்தக் கணக்கு சரியானதே. மற்றவர்களுக்கு முன்னால் பல்லாயிரம் உருண்டைகள் கிடக்கின்றன. நூலிலுள்ள படம் காலை ஒளியில் எடுத்தது. கூட்டம் வந்து சேர்வது உச்சி வெயிலில். செல்போன் சிக்னல் பூங்காவின் பெரும்பகுதியில் இல்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்தவர் குழுவில் ஒருவர் உண்டு. அவருடைய போனில்தான் சார்ஜ் இருக்காது. குழுவில் முன்பு ஒருமுறை வந்துபோனவர் ஒருவர் இருந்தால் அவரே தலைவராகிறார். அவர் சுட்டும் திசை எதுவாயினும், சுட்டும்போது காட்டும் உறுதியைக் கண்டு கூட்டம் பின்தொடர்கிறது. மெத்தையை முதுகில் கட்டியவர்கள் காற்றடிக்கும்போது பாய்மரக் கப்பலாகிப் பக்கவாட்டில் நகர்வதும் இந்தப் படலத்தில்தான். அந்த நிலையிலும் வழித்தடத்தை விட்டு விலகக் கூடாது. மணலின் மேல் கருத்துத் தடித்திருக்கும் மேலோடு சயனோபாக்டீரியா முதலிய நுண்ணுயிர்களால் ஆனது. மண்ணைக் காற்று அள்ளிப் போகாமல் கட்டிவைப்பது அதுதான். ஒரு காலடி உடைத்ததைச் சரிசெய்துகொள்ள அதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

பாறை கிடைத்தபின் தரத்தைப் பற்றிய கேள்வி எழுகிறது. டெக்ஸஸில் எல் பாசோ நகருக்கு அருகிலுள்ள ஹுவேக்கோ டாங்க்ஸ் பாறைகளுக்காக ஜான் ஷெர்மன் உருவாக்கி 1991-இல் நூலில் வெளியிட்ட வி அளவுகோலே அமெரிக்காவெங்கும் வழங்குகிறது. வி0-இல் தொடங்கி இன்று வி17 வரை வளர்ந்துள்ளது. வாடிக்கையாளர் மனம் வாடாமல் அடுத்த மாதச் சந்தாவைக் கட்ட வேண்டும் என்ற அக்கறை ஜிம்களுக்கு உண்டு. கிரானைட்டுக்கு அது கிடையாது. அதிலும் ஜோஷுவா ட்ரீயின் தரங்கள் கஞ்சத்தனமானவை என்று பெயர் வாங்கியவை. ஜிம்மில் வி4 ஏறியவர் இங்கே வி0-இன் அடியில் உட்கார்ந்து காலணியை மறுபடி மறுபடி கட்டிக்கொண்டிருப்பது எந்தக் குளிர்காலச் சனிக்கிழமையிலும் காணக் கிடைக்கும் காட்சி. அளவுகோலில் தவறில்லை. ஜிம்மில் பிடிகளுக்கு வண்ணம் உண்டு. மஞ்சளைத் தொடர்ந்தால் மஞ்சளில் முடியும். பாறையில் எல்லாமே ஒரே பழுப்பு. பிடி எது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. முன்பு வந்தவர்களின் சாக்குத்தூள் தடம் வழிகாட்டும் என்றால், ஏற முடியாமல் அங்கங்கே தடவிப் பார்த்தவர்களின் கையும் அதே தடத்தைத்தான் விட்டுச் செல்கிறது.

உயரத்துக்கு அஞ்சுவோருக்குப் பக்கவாட்டில் நகரும் வகை ஒன்று உண்டு. கன்ஸ்மோக் என்னும் புகழ்பெற்ற தடம் தரையிலிருந்து அதிகம் எழாமல் பாறைச் சுவரின் நீளத்துக்குப் போகிறது. அதில் விழுந்தால் அடி சிறிது. முன்கை மட்டும் வீங்கி, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கப் பிறர் உதவி வேண்டியிருக்கும்.

மேலே ஏறுபவருக்கு ஸ்பாட்டர் ஒருவர் தேவை. விழுபவரைத் தாங்கிப் பிடிப்பது அவர் வேலை அல்ல. தலையும் முதுகும் பாறையில் மோதாமல் உடலை மெத்தையின் பக்கம் திருப்பிவிடுவதே வேலை. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் அது பின்புறமாக மடங்கும். இவ்வளவு பொறுப்பான பதவி, ஏறுபவரின் அழகிய படம் ஒன்றை எடுக்க வேண்டிய நெருக்கடியில் பல நேரம் காலியாகக் கிடக்கிறது. சுற்றி நிற்பவர்களோ ‘கமான், கமான்’ என்று கூவுவதோடு, எந்தக் காலை எங்கே வைப்பது என்று ஒரே சமயத்தில் மூன்று விதமாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களில் ஒருவரும் அந்தப் பாறையில் அதுவரை ஏறியிருக்க மாட்டார்.

பல ஜிம்களில் கடைசிப் பிடியை இரு கையாலும் தொட்டால் முடிந்தது. பாறையில் உச்சியின் மேல் ஏறி நின்றால்தான் கணக்கு. விளிம்பில் உள்ளங்கையை ஊன்றி உடலை மேலே தள்ளும் இந்த இறுதி அசைவு மேன்டில் எனப்படுகிறது. முறைப்படி கையும் காலும் மட்டுமே படலாம். நடைமுறையில் முழங்கால், வயிறு, தாடை ஆகியவையும் பங்கெடுத்துக்கொள்கின்றன. வயிறு பட்டபின் கால்கள் காற்றில் நீந்தும் கட்டத்தை மேலிருந்து யாரும் படமெடுக்காமல் இருப்பது நட்புக்கு நல்லது.

உச்சியில் நின்றவுடன் இரண்டு கண்டுபிடிப்புகளில் ஒன்று நிகழ்கிறது. முதலாவது, பாறையின் பின்புறம் படிக்கட்டைப் போல் எளிதாக இருப்பதும், அந்த வழியாகக் கூடவந்த ஒருவர் சிப்ஸ் பொட்டலத்துடன் முன்பே மேலே வந்து உட்கார்ந்திருப்பதும். இரண்டாவது இதற்கு நேர்மாறானது: பின்புறம் அப்படி ஒரு வழியே இல்லாமல் போவது. ஏற முடிந்த எல்லாவற்றிலும் இறங்க முடிவதில்லை. பூனைகளும் இதை மரத்தின் மேல்தான் கற்கின்றன. ஆகவே ஏறும் வழியைப் பார்ப்பதற்கு முன் இறங்கும் வழியைச் சுற்றிப் பார்த்துவர வேண்டும் என்பது இத்துறையின் தலையாய விதி. முதல் நாளில் அது பெரும்பாலும் உச்சியிலிருந்தே நினைவுக்கு வருகிறது.

உயிரினங்களைப் பற்றிய குறிப்பு சுருக்கமானது. வெயில் ஏறிய நாள்களில் பாறை இடுக்கில் கைவிடும் முன் பாம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்குள்ளது வாலை ஆட்டி எச்சரிக்கும் ராட்டில் பாம்பு. சோயா (cholla) என்னும் கள்ளியின் முள்கற்றை லேசாக உரசினாலே செடியை விட்டுக் கழன்று தோலில் ஏறிக்கொள்ளும். அதை எடுக்கச் சீப்பு உதவும். பாலைவன ஆமை எதிர்ப்பட்டால் தூக்கிப் பார்க்கக் கூடாது. அச்சத்தில் அது சேர்த்துவைத்த சிறுநீரை வெளியேற்றிவிடும்; வறண்ட காலத்துக்கு அதன் தண்ணீர்த் தொட்டி அதுதான். தண்ணீர் கொண்டுவராத குழுவைவிட அந்த ஆமை முன்யோசனை உடையது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

கழிப்பறை சில வண்டி நிறுத்துமிடங்களில் மட்டுமே உண்டு. மற்ற இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும்; காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். வறண்ட மண்ணில் எதுவும் சீக்கிரம் மக்காது. பாறையில் பூசிய சாக்குத்தூளையும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுக் கிளம்புவது மரபு. கம்பி பிரஷ் பாறையையே தேய்த்துவிடும்.

சூரியன் சாய்ந்து, காற்று குளிர்ந்து, பாறை மிக நன்றாகப் பிடிக்கத் தொடங்கும் வேளையில் எவருடைய விரலிலும் தோல் மிச்சமிருப்பதில்லை. இதுவே திரும்புவதற்கான அறிகுறி. பூங்காவின் நுழைவுக் கட்டணம் வாகனத்துக்கு 30 டாலர். சீட்டு 7 நாள் செல்லும். முதல் முறை போனவர்கள் மற்ற 6 நாளைப் பயன்படுத்துவதில்லை.