உப்பிட்டவரை மறக்காதீர்கள்

உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைகள் அரசாங்கத்துக்கு நன்றிக்கடன் பட்டவர்கள். அது அவர்களுக்கு நிஜமாகவே உப்பிட்டது.

2019 ஆகஸ்ட். மிர்சாபூர் மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. மதிய உணவு நேரம். பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் ரொட்டி. தொட்டுக்கொள்ள உப்பு. அரசு வகுத்த பட்டியலில் பருப்பு உண்டு, காய்கறி உண்டு. பட்டியலைத் தின்ன முடியாது, அவ்வளவுதான்.

ஒரு நிருபர் அதை வீடியோ எடுத்தார். முதலில் பள்ளிக்காரர்களை சஸ்பெண்ட் செய்தார்கள். பிறகு யோசித்தார்கள் போலிருக்கிறது. வழக்கு நிருபர்மேல் பாய்ந்தது. சதியாம், மோசடியாம். அச்சுப் பத்திரிகைக்காரர் ஃபோட்டோ எடுக்க வேண்டியதுதானே, வீடியோ எதற்கு என்று கேட்டார் மாவட்ட ஆட்சியர். நியாயம்தான். ஃபோட்டோவில் பசி மெல்லாது, விழுங்காது. சில மாதம் கழித்து, நிருபர்மேல் குற்றமில்லை என்று போலீசே சொல்லிவிட்டது.

அதற்குள் நவம்பர் வந்தது. பக்கத்து மாவட்டம் சோன்பத்ரா. ஒரு லிட்டர் பால், ஒரு வாளித் தண்ணீர், 81 பிள்ளைகள். விதிப்படி தலைக்கு 150 மில்லி பால். கிடைத்தது 12 மில்லி. இருமல் மருந்து அளவு.

மத்தியப் பிரதேசத்தில் தண்ணீர் கலக்க முடியாத ஒன்றை யோசித்தார்கள். முட்டை. ஆதிவாசிப் பகுதி அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று 2015-இல் பேச்சு வந்தது. கூடாது என்றார் அன்றைய முதலமைச்சர் சிவராஜ் சிங் சவுகான். விரதம் அவருடையது. பட்டினி ஆதிவாசிப் பிள்ளையுடையது.

பள்ளியில் சமைத்துப் போடும் அம்மாவுக்கு மத்திய அரசு 2009-இல் ஒரு தொகை நிர்ணயித்தது. மாதம் 1,000 ரூபாய். அதுவும் வருஷத்தில் 10 மாதம்தான். பெயர் மதிப்பூதியம். மதிப்பும் இல்லை, ஊதியமும் இல்லை. 2021-இல் மதிய உணவுத் திட்டத்தின் பெயரில் ‘பிரதமர்’ சேர்ந்தார். அந்த மதிப்பூதியத்தில் எதுவும் சேரவில்லை.

தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) சொல்கிறது: ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவர்கள்தான் பிறகு பள்ளிக்கு வருகிறார்கள். கரும்பலகையைப் பார்த்தபடியே கண் சொருகுகிறார்கள். ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்க வரவில்லை என்றதும் மேலிடம் பதறுகிறது. கருத்தரங்கு கூட்டுகிறது. ஆசிரியருக்குப் பயிற்சி. வகுப்புக்கு ஸ்மார்ட் திரை. கருத்தரங்கில் மதியச் சாப்பாடு மட்டும் பட்டியலில் உள்ளபடியே வந்துவிடுகிறது.

மிர்சாபூரில் அன்று உப்பு தொட்டுத் தின்ற பத்து வயதுப் பிள்ளைக்கு 2027-இல் பதினெட்டு. ஓட்டு வந்துவிடும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.

நினைக்கட்டும்.