பழைய லென்ஸும் வழுவமைதியும்

தமிழ் இலக்கணம் சொற்களின் நடத்தையை வழாநிலை, வழு, வழுவமைதி எனப் பகுக்கிறது. பிழையின்றி நிற்பது வழாநிலை, பிழைபட்டு நிற்பது வழு, பிழையே ஆயினும் தக்க காரணம் இருப்பதால் சான்றோர் ஏற்றுக்கொள்வது வழுவமைதி. இப்பகுப்பு சொல்லுக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்டு வந்தது. அது கண்ணாடிக்கும் பொருந்தும் என்பதும், புத்தம்புதிய மிரர்லெஸ் கேமராவில் அரை நூற்றாண்டுப் பழைய லென்ஸை மாட்டுவோரின் செயலை வேறெந்த இலக்கணத்தாலும் விளக்க இயலாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. ஆய்வுப் பொருளாக ஹீலியோஸ் 44-2 என்னும் சோவியத் லென்ஸ் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தன் பிழையாலேயே இவ்வளவு புகழ் எய்திய இன்னொன்றைக் காட்டுவது கடினம்.

ஹீலியோஸ் முதல்நூல் அன்று, வழிநூல். அதன் முதல்நூல், ஜெர்மனியின் யேனா நகரத்துக் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் வில்லி மெர்ட்டே வகுத்த பயோட்டார் ஆகும். அதன் 58 மி.மீ. வடிவம் டிரெஸ்டனில் உருவான எக்ஸாக்டா கேமராவுக்காக 1930களின் பிற்பகுதியில் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் யேனாவின் கருவிகளும் வரைபடங்களும் இழப்பீடாகச் சோவியத் ஒன்றியத்துக்குச் செல்ல, மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலை, 4 தொகுதிகளில் 6 வில்லைகள் என்னும் அமைப்பைக் காத்து, தன் நாட்டில் கிடைத்த கண்ணாடிக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தி, வழிநூலை இயற்றிற்று. ஜெனித் கேமராக்களுடன் சேர்த்தே விற்கப்பட்ட இந்த லென்ஸ் பின்னர் வால்தாய், மின்ஸ்க் நகரங்களின் ஆலைகளிலும் படியெடுக்கப்பட்டமையால், இன்று மூன்று சுவடிகள் கிடைக்கின்றன. அவற்றின் பாடபேதங்களைப் பற்றி அறிஞர்களிடையே நிலவும் பூசல் ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்களின் பூசலுக்குச் சற்றும் குறைந்ததன்று.

லென்ஸ் அமரும் வளையத்திலிருந்து பிலிம் அல்லது சென்சார் வரையுள்ள தூரம் ஒவ்வொரு கேமரா இனத்துக்கும் வரையறுக்கப்பட்டதாகும். 42 மி.மீ. விட்டமுள்ள திருகுமரையைக் கொண்ட எம்42 இனத்தில், ஹீலியோஸ் 44-2 இவ்வினத்ததே, அத்தூரம் 45.46 மி.மீ.; ஏனெனில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே ஓர் ஆடி மேலெழுந்து கீழிறங்க இடம் வேண்டியிருந்தது. 2008-இல் பானசோனிக் ஜி1 அந்த ஆடியை நீக்கிற்று. ஆடி போனபின் இடைவெளியும் தேவையில்லை என்று கண்ட பொறியாளர்கள், சோனியின் இ இனத்தில் 18 மி.மீ., நிக்கானின் இசட் இனத்தில் 16 மி.மீ. என அதைச் சுருக்கி, கேமராவை மெலிவித்தனர். பழைய லென்ஸின் அன்பரோ, இவ்வாறு அரும்பாடுபட்டு நீக்கப்பட்ட வெற்றிடத்தை அடாப்டர் என்னும் பெயரில் தனியே விலை கொடுத்து வாங்குகிறார். சோனிக்குரிய அடாப்டரின் நீளம் 27.46 மி.மீ.; அதற்குள் வில்லை இல்லை, மின்தொடர்பு இல்லை, உள்ளிருப்பது காற்று மட்டுமே. வெற்றிடம் விற்பனைப் பொருளாவதற்குத் தத்துவ நூல்களுக்கு வெளியே கிடைக்கும் சான்றுகளுள் இது தலையாயது.

மாட்டியபின் கேமரா செய்வது, லென்ஸ் என்று ஒன்று இருப்பதையே மறுப்பதாகும். மின்தொடர்பு இன்மையால் அது தன் முன்னே எதுவும் பொருத்தப்படவில்லை என்று கருதி இயங்க மறுக்கிறது. லென்ஸ் இன்றியும் படம் எடுக்கலாம் என்று அமைப்புப் பட்டியலில் அனுமதி வழங்கிய பின்னரே பணிகிறது. கண்ணின் பாவையைத் தானே தேடிப் பின்தொடரும் ஆற்றலுக்காக வாங்கப்பட்ட கருவி இப்போது கைமுறை ஃபோகஸுக்கு இறங்குகிறது. தெளிவாக விழும் விளிம்புகளைத் திரையில் வண்ணக் கோடுகளால் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் என்னும் உதவி உண்டெனினும், அதன் சொல் முழுதும் நம்பத்தக்கதன்று. ஒரு மீட்டர் தொலைவில், துளை எண் 2-இல், இந்த லென்ஸ் தெளிவாகக் காட்டும் ஆழம் ஏறத்தாழ மூன்றரை செ.மீ.; அதற்குள் விழியோ மூக்கின் நுனியோ அடங்கலாம், இரண்டும் அடங்குவது அரிது, வண்ணக் கோடோ இரண்டின் மேலும் ஒரே மாதிரி மின்னும். இதனோடு 44-2இல் துளைக்கு இரண்டு வளையங்கள் உள்ளன: ஒன்று எண்ணைக் குறித்து வைக்க, மற்றொன்று அந்த எண் வரை துளையைத் திறந்து மூட. துளை மூடியதும் காட்சி இருண்டுவிடும் அந்நாளைய கேமராவில் அது இன்றியமையாதது. திரை தானே ஒளிரும் இன்றைய கேமராவில் விரல்களுக்கு வேலை கொடுப்பதன்றி அதற்கு வேறு பயன் இல்லை.

இனி வழுவுக்கு வருவோம். ஹீலியோஸின் தலையாய வழு சுழலாகும். படத்தின் நடுவில் விழும் ஒளிப்புள்ளி ஃபோகஸ் தவறும்போது வட்டமாகப் பரவுகிறது. ஓரத்தில் விழும் புள்ளியின் கதிர்களையோ லென்ஸின் உடல் ஒருபுறம் வெட்டிவிடுவதால், வட்டம் பூனைக்கண் போலக் குறுகி, படத்தின் மையத்தைச் சுற்றிச் சாய்ந்து நிற்கிறது. தெளிவுத்தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பதும், ஓரத்துக் கதிர்கள் ஒரே புள்ளியில் கூடாமல் இரு திசைகளில் வேறுவேறாகக் குவிவதும் சேர்ந்துகொள்ள, பின்னணி முழுதும் நடுவிலிருப்பவரைச் சுற்றிச் சுழல்வதாகத் தோன்றுகிறது. இலைகளுக்கிடையே வானம் பொட்டுப்பொட்டாகத் தெரியும் மரம் சில மீட்டர் பின்னே இருப்பின் விளைவு சிறக்கும். வெள்ளைச் சுவரின் முன் எதுவும் சுழலாது. துளையை 5.6 வரை மூடினால் வெட்டுண்ட கதிர்கள் ஒழுங்காகி, லென்ஸ் வழாநிலை எய்தும். அந்த எண்ணுக்கு அதைக் கொண்டுசெல்லும் அன்பர் அரியர். சுழல் குடியிருப்பது ஓரத்தில் ஆதலின் சிறு சென்சார் அதை வெட்டி எறிந்துவிடும்; 36×24 மி.மீ. முழு அளவுச் சென்சாருடன் 2013-இல் சோனி ஏ7 வெளிவந்ததுதான் இத்துறையின் மறுமலர்ச்சிக்கு வித்திட்டது.

உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கினும் இழுக்கில்லை என்பது நன்னூலின் கருத்து. பசுவை உவப்பினால் அம்மை என்று அழைப்பார் குற்றமற்றவர். லென்ஸ் அன்பரிடம் இவை ஐந்தும் ஒருங்கே காணப்படுகின்றன. கைமுறை வளையம் எண்ணெய்ப் பசையுடன் திரும்பும் இதத்தில் உவப்பு. ஜடப்பொருளுக்குக் 'குணம்' உண்டென்று சாதிப்பதில் உயர்வும் சிறப்பும். புதிய லென்ஸின் மூலைமுடுக்கெல்லாம் சீரான கூர்மையை உயிரற்றது என்று ஒதுக்குவதில் செறல். தானியங்கி ஃபோகஸை நம்புவோரைப் பார்க்கும் பார்வையில் இழிப்பு. உள்வில்லையில் படர்ந்த பூஞ்சையும் சிலரால் இவ்வமைதியின்கீழ் கொண்டுவரப்படுகிறது. அது ஏற்கத்தக்கதன்று: பூஞ்சை லென்ஸின் வழு அன்று, அலமாரியின் வழு.

வழுவமைதி அளவு கடந்தால் வழுவே விதியாகிவிடும் என்பதற்கும் சான்று உண்டு. இயல்பான சுழல் போதாதென்று கருதுவோர் ஹீலியோஸின் முன்வில்லையைக் கழற்றித் தலைகீழாக மாட்டுகின்றனர். நடுப்பகுதி ஓரளவு தெளிவாக நிற்க, ஓரமெல்லாம் நீரில் கரைந்தாற்போல் இழுபடுகிறது. வியன்னாவில் 1840-இல் ஜோசப் பெட்ஸ்வால் வகுத்த லென்ஸின் சுழலை விரும்பி, லோமோகிராஃபி நிறுவனம் 2013-இல் அதைப் பித்தளையில் புதிதாகவே செய்வித்தது. பெட்ஸ்வால் கணித்தது ஒளியை மிகுதியாகச் சேர்க்கும் லென்ஸை. சுழல் அதற்கு அவர் செலுத்திய வரி. வாங்குவோர் இன்று வேண்டுவது அந்த வரியை மட்டுமே.

எஞ்சியிருப்பது பாடபேதப் பூசல். கிராஸ்னகோர்ஸ்க் படியே கூர்மையானது என ஒரு சாராரும், வால்தாய் படியே நன்கு சுழல்வது என மற்றொரு சாராரும் வாதிடுவதைத் தீர்க்கப் படங்களையே சான்றாகக் கொள்ளலாம் என்று தோன்றும். ஆயினும் லென்ஸின் இருப்பையே மறுத்த கேமரா, படக்கோப்பில் லென்ஸின் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, துளை எண்ணுக்குப் பதில் சுழியத்தையோ சிறு கோட்டையோ இட்டுவைக்கிறது. இக்குறையைப் போக்கச் சிலர் குறிப்பேடு வைத்துக்கொள்கின்றனர். லென்ஸின் பெயருக்கு அது உதவலாம். துளை எண்ணுக்கு அதுவும் மிகை, ஏனெனில் படம் சுழன்றிருப்பின் எண் 2 என்பது வெளிப்படை, சுழலாத படத்தை எவரும் வெளியிடுவதில்லை.